லிங்க்சிஸ் டப்பா மக்கர் பண்ணால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டில் இந்த டப்பா இன்னும் ஓடுகிறது. லிங்க்சிஸ் பிஏபி2டி. சாதாரண வீட்டு போனை இன்டர்நெட் வழியாகப் பேசவைக்கும் சாதனம். சிப்யூரா என்ற சின்ன நிறுவனத்தின் நுட்பம் அது. 2005இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கி, தன் கையில் இருந்த லிங்க்சிஸ் பெயரில் இதை விற்றது. உற்பத்தி நின்று வருஷக்கணக்காகிவிட்டது. புது ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) இனி வராது. டப்பா மட்டும் சாகமாட்டேன் என்கிறது.

பெரும்பாலும் கதை ஒன்றுதான். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருக்கும். அம்மாவுக்கு டச் போன் பிடிக்காது. ரிசீவரைத் தூக்கினால் பேசணும், வைத்தால் நிக்கணும், அவ்வளவுதான். ஒருநாள் அது நின்றுபோகும். பிள்ளை அங்கே தூங்கும் நேரம், இங்கே நம் வீட்டுக் கதவு தட்டப்படும்: "தம்பி, போன் செத்துப்போச்சு, கொஞ்சம் வந்து பாரேன்."

நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் பழுது டப்பாவுக்குள் இருந்ததில்லை. சுற்றி இருந்தது: கரண்ட், சுவர் வயர், ரூட்டர், உப்புக்காத்து. அதனால் எடுத்ததும் செட்டிங்ஸில் கைவைக்காதீர்கள். அறிகுறியைப் பார்த்து அந்தப் பகுதிக்குப் போங்கள்.

ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் இந்தச் சாதனத்துக்கே அடாப்டர் என்றுதான் பெயர். அதற்குக் கரண்ட் கொடுப்பதும் அடாப்டர். குழப்பம் வேண்டாம்: சாதனத்தை டப்பா என்றும், பிளக்கோடு வருவதை அடாப்டர் என்றும் சொல்கிறேன்.

புதிதாக மாட்டுகிறீர்களா, முதலில் இது

டப்பாவில் வைஃபை கிடையாது. ரூட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிள் போட்டே ஆகவேண்டும். ரூட்டர் வாசல் பக்கம், போன் ஹாலில் என்றால், டப்பாவை ரூட்டர் பக்கத்திலேயே வைத்துவிட்டு, ஹாலுக்கு இரண்டு இழை போன் வயரை இழுங்கள். அதுதான் மலிவு, அதுதான் சுலபம்.

போனை முதல் போன் துளையில் சொருகுங்கள். ரிசீவரைத் தூக்கி நட்சத்திர பட்டனை நாலு முறை அழுத்துங்கள். ஒரு அமெரிக்கக் குரல் பேசும். 110# அழுத்தினால் டப்பாவின் ஐபி முகவரியைப் படிக்கும். அந்தக் குரல் "பவுண்ட்" என்று சொல்வது நம்ம ஹேஷ் பட்டனைத்தான். பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "காசு கேக்குறான்" என்று ரிசீவரை வைத்துவிட்டார்.

அந்த முகவரியை அதே வீட்டு நெட்டில் இருக்கும் கம்ப்யூட்டரின் பிரவுசரில் அடித்தால் செட்டிங்ஸ் பக்கம் வரும். மேலே அட்மின் லாகின், அட்வான்ஸ்டு வியூ இரண்டையும் அழுத்துங்கள். இல்லாவிட்டால் பாதி பட்டியல் கண்ணுக்கே தெரியாது. லைன் 1 பக்கத்தில் நிரப்ப வேண்டியவை நாலுதான்: ப்ராக்ஸி (போன் கம்பெனி சர்வரின் பெயர்), யூசர் ஐடி, பாஸ்வேர்டு, தேவைப்பட்டால் ஆத் ஐடி. இவற்றை இன்டர்நெட் போன் கணக்கு கொடுத்த கம்பெனிதான் தரும். பிறகு ப்ரொவிஷனிங் பக்கத்தில் "ப்ரொவிஷன் எனேபிள்" என்பதை நோ ஆக்குங்கள். ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய டப்பா என்றால் இது கட்டாயம். அது பழைய முதலாளியின் சர்வரைத் தேடிப்போய், நீங்கள் போட்டதை அழித்து எழுதிவிடும்.

எல்லாம் சரியாக ஓடும் அன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். பாஸ்வேர்டு திரையில் தெரியாது. அதை மட்டும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். பாதி அலைச்சல் இதில் மிச்சம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக் கணக்கில் ஓடும் டப்பாவை 108, 112 மாதிரி அவசர எண்களுக்கு நம்பாதீர்கள். அழைப்பு எங்கோ வெளிநாட்டு சர்வரிலிருந்து கிளம்புகிறது. பக்கத்தில் ஒரு சாதாரண செல்போன் இருக்கட்டும். இன்னொன்று: வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் லைனுக்கு மாற்றிவிடும் "பிசினஸ்" யோசனையோடு யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்வது குற்றம், போலீஸ் வரும்.

விளக்கே எரியவில்லை

அடாப்டரைக் கழற்றி அதன் முதுகில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். இன்புட் என்ற வரியில் 100–240 வோல்ட் என்று இருந்தால் நிம்மதி. 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால், அது அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது. நம்ம 230இல் சொருகிய நிமிஷமே கதை முடிந்திருக்கும். டப்பா பெரும்பாலும் பிழைத்திருக்கும், அடாப்டர்தான் பலி.

மாற்று வாங்கப் போனால் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று கேளுங்கள். பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும், பர்மா பஜாரிலும் கிடைக்கும். பின் உள்ளே சரியாகப் பொருந்துகிறதா, நடுவில் ப்ளஸ்ஸா மைனஸ்ஸா என்று அச்சிட்ட படம் பழையதைப் போலவே இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டர் பின் பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள். அப்படி ஒரு டப்பாவை நானே கருக்கியிருக்கிறேன். அந்த வாசனை அறையில் இரண்டு நாள் இருந்தது.

விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதா? தட்டைக் கால் பிளக்கைப் பாருங்கள். அமெரிக்கப் பிளக்குக்கு நாம் போடும் மலிவுக் கன்வர்ட்டரில் அந்தக் கால்கள் ஆடும். மின்விசிறி காற்றுக்கு வயர் அசைந்தாலே கரண்ட் போய்ப்போய் வரும். கன்வர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு நம்மூர் பின் உள்ள அடாப்டர் வாங்குவதே நல்லது.

போன் அடித்ததும் டப்பா செத்து எழுகிறது

இது தனி நோய். சும்மா இருக்கும்போது எல்லா விளக்கும் ஒழுங்காக இருக்கும். அழைப்பு வந்து மணி அரைவாசி அடிக்கும்போதே அணைந்து, திரும்ப எரியும். அழைத்தவருக்கு "எடுக்கவில்லை". நமக்கு "யாரோ கட் பண்ணிட்டாங்க".

மணி அடிக்க டப்பா 5 வோல்ட்டிலிருந்து பல மடங்கு உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்க வேண்டும். அந்த நேரத்தில் அடாப்டரிலிருந்து அதிகம் இழுக்கும். வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்த அடாப்டரின் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருந்தால் அந்த இழுப்பைத் தாங்காது. மீட்டர் வைத்து அளந்தால் 5 காட்டும், ஏனென்றால் அளக்கும்போது சுமை இல்லை. மீட்டரை நம்பி அடாப்டர் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். வேறு 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரை மாட்டி, செல்போனிலிருந்து அழைத்துப் பாருங்கள்.

புது அடாப்டரிலும் அதே கதை என்றால், ஒரே துளையில் எத்தனை போன் மாட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். இரும்பு மணி வைத்த பழைய கனமான போன் இரண்டு சேர்ந்தால் டப்பாவுக்கு மூச்சு வாங்கும். ஒன்றைக் கழற்றுங்கள்.

டயல் டோன் இல்லை, அல்லது கரகரப்பு

வடசென்னை ஸ்பெஷல் இதுதான், நின்று பேசவேண்டிய இடம்.

முதல் சோதனை: டப்பாவில் மாட்டியிருக்கும் வயரை எல்லாம் கழற்றிவிட்டு, நல்ல போன் ஒன்றைக் குட்டை வயரால் நேரடியாக மாட்டுங்கள். டோன் சுத்தமாக வந்தால் டப்பா நலம், குற்றவாளி சுவர் வயர்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் போன் வயரின் நுனியில் இருக்கும் செப்புப் பின்கள் பச்சை பூத்துவிடும். கண்ணாடி ஜாடி ஊறுகாயில் இரும்புக் கரண்டி போட்டு வைத்த மாதிரி. சொருகிக் கழற்றிச் சொருகினால் ஒரு வாரம் சரியாக இருக்கும், பிறகு திரும்பக் கரகரக்கும். தேய்த்து மினுக்குவதைவிட நுனியை வெட்டிப் புது கனெக்டர் போடுங்கள், சில ரூபாய்தான். டப்பாவின் துளைக்குள் இருக்கும் பின்களுக்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ் போதும். கரண்டைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், காய்ந்த பிறகு மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தடவினால் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும்.

டப்பாவை ஜன்னல் விளிம்பிலிருந்து எடுத்து அறையின் உள்பக்கம் வையுங்கள். மழைக்காலத்தில் தரையில் வைக்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆணி அடித்து மேலே தொங்கவிட்டவர்களின் டப்பா தப்பித்தது. கட்டிலுக்கு அடியில் வைத்தவர்களின் டப்பா போச்சு.

இரண்டாவது சோதனை, இதைத் தவறவிடாதீர்கள். வீட்டின் பழைய டெலிபோன் வயரிங்கில் டப்பாவை இணைத்து எல்லா அறைக்கும் டோன் கொடுக்க ஆசைப்படுவோம். நல்ல யோசனைதான். ஆனால் தெருக் கம்பத்திலிருந்து வரும் பழைய செப்பு லைன் இன்னும் அதே வயரிங்கில் இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பில் கட்டாமல் பத்து வருஷமாகச் செத்த லைன் என்று நாம் நினைப்போம். எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் அதில் இன்னும் வரலாம், மணிக்கான மின்சாரமும் வரலாம். டப்பாவும் லைனுக்கு மின்சாரம் கொடுக்கும் சாதனம். இரண்டும் மோதினால் டப்பாவின் போன் துளை எரிந்துபோகும், ரிப்பேர் கிடையாது. அந்த லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள இணைப்புப் பெட்டியைத் திறந்து, வெளியிலிருந்து வரும் இரண்டு இழைகளைக் கழற்றி, தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள். அதன்பிறகுதான் சுவரில் சொருகவேண்டும்.

நேரடியாக மாட்டிய போனிலும் டோன் இல்லை, ஆனால் நாலு நட்சத்திரம் அழுத்தினால் அந்த அமெரிக்கக் குரல் பேசுகிறது என்றால் டப்பா உயிரோடு இருக்கிறது, கணக்கு பதிவாகவில்லை என்று அர்த்தம். "ரெஜிஸ்டர் ஆகவில்லை" பகுதிக்குப் போங்கள்.

பட்டன் அழுத்தினாலும் டோன் நிற்கவில்லை

போனைக் குப்புறத் திருப்புங்கள். அடியிலோ பக்கத்திலோ பல்ஸ், டோன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். துடைக்கும்போது கை பட்டுப் பல்ஸுக்குப் போயிருக்கும். டோனுக்குத் தள்ளுங்கள். முடிந்தது. சுழற்றும் போனை இந்த டப்பாவில் மாட்டி அழைக்க முடியாது. வரும் அழைப்பை எடுத்துப் பேசலாம், அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

செட்டிங்ஸ் பக்கம் திறக்கவில்லை

இப்போதைய பிரவுசர்கள் எதை அடித்தாலும் பாதுகாப்பான இணைப்பாக மாற்றித்தான் திறக்கப் பார்க்கும். இந்த டப்பாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. முகவரிக்கு முன்னால் எஸ் இல்லாத எச்டிடிபியைக் கையால் முழுதாக அடியுங்கள். எச்சரிக்கை காட்டினாலும் வீட்டுக்குள் இருக்கும் டப்பாதானே, தொடருங்கள். ஆனால் இந்தப் பக்கத்தை ஒருபோதும் வெளி இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள்.

அப்போதும் வரவில்லையா, 110# மறுபடி கேளுங்கள். கரண்ட் போய் வந்ததில் ரூட்டர் வேறு முகவரி கொடுத்திருக்கும். வீட்டில் ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய வைஃபை ரூட்டர் ஒன்று என்று இரண்டு இருந்தால், டப்பா ஒன்றிலும் கம்ப்யூட்டர் இன்னொன்றிலும் இருக்கலாம். அப்படியானால் ஒன்றுக்கொன்று தெரியாது. அண்ணன் ஒரு ரூட்டரில், தம்பி ஒரு ரூட்டரில் இருக்கும் வீட்டில் இதற்காக அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பாஸ்வேர்டு கேட்கிறது, தெரியாது என்றால் நாலு நட்சத்திரம், பிறகு 73738#, உறுதி கேட்டதும் 1#. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். அந்த எண்களை பட்டனில் உள்ள எழுத்துகளோடு சேர்த்துப் பார்த்தால் ரீசெட் என்ற ஆங்கிலச் சொல் வரும். கணக்கு விவரம் கையில் இல்லாமல் இதை அழுத்தாதீர்கள், உள்ளே இருந்த பாஸ்வேர்டும் போய்விடும். சும்மா திரும்பத் தொடங்கவைக்க 732668# போதும். ரீசெட்டுக்கே பாஸ்வேர்டு கேட்டால், அந்த டப்பா ஏதோ ஒரு சேவைக்கு மட்டும் பூட்டப்பட்டது. அதோடு மல்லுக்கட்டுவது வீண், பழைய சாமான் கடையில் பார்த்து வாங்கும்போதே இந்தச் சோதனையைக் கடைவாசலில் செய்துவிடுங்கள்.

ரெஜிஸ்டர் ஆகவில்லை

நலமாக இருக்கும் டப்பாவில் போன் விளக்கு அசையாமல் எரியும். ரிசீவரைத் தூக்கினால் கண்சிமிட்டும். விளக்கு அணைந்தே கிடந்தால், செட்டிங்ஸில் இன்ஃபோ பக்கத்தில் லைன் 1 நிலையைப் படியுங்கள். லாகின் சர்வரைத் தொட முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னால் வழி அடைபட்டிருக்கிறது: ப்ராக்ஸி பெயரில் எழுத்துப்பிழை, டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) கோளாறு, அல்லது நெட்டே இல்லை. தோல்வி என்று மட்டும் சொன்னால் வழி சரி, சாவிதான் தப்பு. யூசர் ஐடியோ பாஸ்வேர்டோ மாறியிருக்கிறது.

ப்ராக்ஸி பெயருக்கு முன்னும் பின்னும் தெரியாமல் விழுந்த காலி இடத்தைப் பாருங்கள். செல்போனில் வந்த செய்தியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் அது கூடவே வரும். கண்ணுக்குத் தெரியாது, வேலையைக் கெடுக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் பதியவில்லை என்றால், கணக்கில் காசு இருக்கிறதா என்று வெளிநாட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு நான் இரண்டு மணிநேரம் செட்டிங்ஸைக் குடைந்த வீடு உண்டு. அந்தப் பையனின் கிரெடிட் கார்டு காலாவதியாகியிருந்தது.

நம்பரை முழுசாக அழுத்துமுன் போய்விடுகிறது

"ஏழு நம்பர் போட்டுட்டு மீதியைப் பாக்குறதுக்குள்ள ஏதோ இங்கிலீஷ்ல திட்டுறா" என்று ஒரு பாட்டி சொன்னார். அவர் சொன்னதில் நோய் முழுக்க இருந்தது.

டப்பாவோடு வரும் டயல் பிளான் (எது முழு நம்பர் என்று சொல்லும் விதி) அமெரிக்காவுக்கானது. அங்கே 2 முதல் 9 வரை எதிலாவது தொடங்கும் ஏழு இலக்கம் ஒரு முழு உள்ளூர் எண். நம் செல்போன் எண்கள் 6, 7, 8, 9இல் தொடங்கும், பத்து இலக்கம். ஏழு அழுத்தியதும் டப்பா "இது முழு நம்பராகத்தான் இருக்கணும்" என்று மூன்று வினாடி காத்திருக்கும். டைரியில் அடுத்த எண்ணைத் தேடும் பெரியவர்களுக்கு மூன்று வினாடி போதாது. 044இல் தொடங்கினால் இன்னும் வேடிக்கை: பூஜ்யம் ஒன்று மட்டும் அழுத்தி நிறுத்தினாலே ஆபரேட்டரைத் தேடிக் கிளம்பிவிடும்.

லைன் 1 பக்கத்தின் அடியில் டயல் பிளான் என்ற நீளமான பெட்டி இருக்கும். அதில் உள்ளதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, முழுவதையும் அழித்து, அடைப்புக்குறிக்குள் சிறிய ஆங்கில எக்ஸ் எழுத்து இரண்டும் ஒரு புள்ளியும் மட்டும் போடுங்கள். எக்ஸ் என்றால் ஏதாவது ஒரு இலக்கம், புள்ளி என்றால் அதற்கு முந்தையது எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். அப்புறம் ரீஜனல் பக்கத்தில் இன்டர்டிஜிட் ஷார்ட் டைமரை 3இலிருந்து 6 ஆக்குங்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் கடைசியில் # அழுத்தினால் உடனே போகும். நாட்டு எண் சேர்த்து அழுத்தவேண்டுமா, எப்படி என்பது உங்கள் கணக்கைப் பொறுத்தது. அதை போனின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, அல்லது அரை நிமிஷத்தில் அறுந்துபோகிறது

இரண்டுக்கும் வேர் ஒன்று: ரூட்டர். அழைப்பைத் தொடங்கும் பேச்சு ஒரு வழியில் போகிறது, குரல் வேறு வழியில் போகிறது. நடுவில் உட்கார்ந்திருக்கும் ரூட்டர் முகவரிகளை மாற்றி எழுதும்போது குரல் வரவேண்டிய கதவு தப்பாகப் போய்விடுகிறது. எடுத்ததும் 32 வினாடியில் துல்லியமாக அறுந்தால் சந்தேகமே வேண்டாம். உறுதிச் செய்தி திரும்பி வராததால் எதிர்முனை காத்திருந்து விட்டுவிடும் நேரம் அது.

இன்டர்நெட் போன்கள் அழைப்புக்குப் பேசும் பாஷைக்கு சிப் என்று பெயர். முதலில் ரூட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற வசதியை அணையுங்கள். அது உதவுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அழைப்புச் செய்திகளைத் திருத்தும், கெடுக்கும். இரண்டு ரூட்டர் இருந்தால் இரண்டிலும் பாருங்கள். கம்பெனி கொடுத்த பெட்டியில் அந்த மெனு பூட்டியிருந்தால் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு அணைக்கச் சொல்லலாம்.

அடுத்து டப்பாவின் லைன் 1 பக்கத்தில் நேட் மேப்பிங் எனேபிள், நேட் கீப் அலைவ் எனேபிள் இரண்டும் யெஸ். சிப் பக்கத்தில் ஸ்டன் எனேபிள் யெஸ், ஸ்டன் சர்வர் என்ற இடத்தில் உங்கள் போன் கம்பெனி தரும் முகவரி. மாற்றியபின் டப்பாவைத் திரும்பத் தொடங்கவைத்து, ஒரு நிமிஷமாவது பேசிப் பாருங்கள்.

போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை ரூட்டர் நேராக டப்பாவுக்கு அனுப்பும் ஏற்பாடு) போடுங்கள் என்று யாராவது சொன்னால், முதலில் ரூட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவதில் தொடங்கினால், அந்த முகவரி உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, கம்பெனி பல வீடுகளுக்கு ஒரு பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அங்கே போர்ட் ஃபார்வர்டு போட்டுப் பயனில்லை.

கூப்பிட முடிகிறது, யார் கூப்பிட்டாலும் வரவில்லை

டப்பாவைத் திரும்பத் தொடங்கினால் சில நிமிஷம் வரும், பிறகு வராது. ரூட்டர் பயன்படாத கதவைச் சாத்திவிடுகிறது. மேலே சொன்ன கீப் அலைவ் இதற்கும் மருந்து, 15 வினாடிக்கு ஒருமுறை கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். போதவில்லை என்றால் ரெஜிஸ்டர் எக்ஸ்பையர்ஸ் 3600 என்று இருப்பதை 300 ஆக்குங்கள்.

மணி மட்டும் அடிக்கவில்லை, தற்செயலாகத் தூக்கினால் ஆள் இருக்கிறார் என்றால் அது வேறு. போனின் ரிங்கர் சுவிட்ச், அப்புறம் ரீஜனல் பக்கத்தில் ரிங் வேவ்ஃபார்மை ட்ரபஸாய்டு என்று மாற்றிப் பார்ப்பது.

நடுராத்திரியில் மணி, எடுத்தால் யாருமில்லை

காசிமேட்டில் ஒரு வீடு. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடிக்கிறது. எடுத்தால் சத்தமில்லை. பத்து நிமிஷத்தில் மறுபடி. நம்பர் காட்டும் திரையில் 100. போலீஸ் என்று நினைத்து அந்த அம்மா விடிய விடிய தூங்கவில்லை. பக்கத்து வீடெல்லாம் எழுந்துவிட்டது.

அது போலீசும் இல்லை, பேயும் இல்லை. இன்டர்நெட்டில் திறந்து கிடக்கும் போன் டப்பாக்களைத் தேடி அலையும் நிரல்கள். 5060 என்ற கதவைத் தட்டிப் பார்க்கும், டப்பா அதை அழைப்பு என்று நம்பி மணி அடிக்கும். 100, 1001 மாதிரி குட்டை எண்கள் தெரிந்தால் இதுதான். யாரோ ஒருதலைப் பேச்சைச் சரிசெய்கிறேன் என்று ரூட்டரில் டிஎம்இசட் (ஒரு சாதனத்தை வெளி இன்டர்நெட்டுக்கு முழுசாகத் திறந்துவிடும் வசதி) போட்டு டப்பாவைத் தெருவில் நிறுத்தியிருந்தார்கள்.

டிஎம்இசட்டையும் போர்ட் ஃபார்வர்டையும் எடுத்துவிடுங்கள். லைன் 1 பக்கத்தில் ரெஸ்ட்ரிக்ட் சோர்ஸ் ஐபி என்பதை யெஸ் ஆக்கினால் நம் ப்ராக்ஸியிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும். சிப் போர்ட் 5060ஐ வேறொரு எண்ணாக மாற்றலாம், இரண்டாம் லைன் வைத்திருக்கும் 5061 மட்டும் வேண்டாம். செட்டிங்ஸுக்கு அட்மின் பாஸ்வேர்டு போடுங்கள், புதிதாக வரும் டப்பாவில் அது காலியாகவே இருக்கும்.

குரல் விட்டுவிட்டு வருகிறது, எதிரொலிக்கிறது

ஜி.711 என்ற கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கி அனுப்பும் முறை) பேச ஒவ்வொரு திசைக்கும் 80 முதல் 90 கிலோபிட் போதும். ஃபைபர் வீட்டில் அது தூசு. அப்படியும் வெட்டினால், வேகம் போதாமல் இல்லை, வரிசையில் நெரிசல். யாரோ வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கும் அந்த நிமிஷம் பேச்சுத் துண்டுகள் காத்து நிற்கின்றன. ரூட்டரில் க்யூஓஎஸ் (யாருக்கு முன்னுரிமை என்று சொல்லும் வசதி) இருந்தால் டப்பாவுக்கு முதலிடம் கொடுங்கள். சிப் பக்கத்தில் ஆர்டிபி பாக்கெட் சைஸ் 0.030 என்று இருப்பதை 0.020 ஆக்குங்கள். மொபைல் டேட்டா ரூட்டரில் ஓட்டுபவர்கள் ஜி.729ஏ போடலாம், குரல் கொஞ்சம் தகரமாகும். இந்த டப்பாவில் இரண்டு லைனும் ஒரே நேரத்தில் அதில் பேச முடியாது.

எதிரொலிக்கு ரீஜனல் பக்கத்தில் எஃப்எக்ஸ்எஸ் இன்புட் கெயின், அவுட்புட் கெயின் இரண்டும் -3 என்று இருக்கும். -6 வரை இறக்குங்கள்.

சில்லறைத் தொல்லைகள்

நம்பர் திரையில் வரவில்லை: ரீஜனலில் காலர் ஐடி மெத்தடை டிடிஎம்எஃப் வகைக்கு மாற்றிப் பாருங்கள். பேங்க்குக்குப் போன் போட்டு "1ஐ அழுத்தவும்" என்றால் ஏற்கவில்லை: லைன் 1இல் டிடிஎம்எஃப் டிஎக்ஸ் மெத்தடை ஏவிடி ஆக்குங்கள். டோன் எல்லாம் அந்நியமாக ஒலிக்கிறது, எங்கேஜா மணியா தெரியவில்லை என்று பெரியவர்கள் சொன்னால், ரீஜனலில் பிஸி டோன் 400@-19;10(.75/.75/1) என்றும், ரிங் பேக் டோன் 400@-19;*(.4/.2/1,.4/2/1) என்றும் மாற்றுங்கள். நம்ம எக்ஸ்சேஞ்ச் சத்தம் மாதிரியே வரும். செய்துகொடுத்த வீட்டில் அந்த ஒன்றுக்காகவே ஒரு டம்ளர் மோர் கிடைத்தது.

கரண்ட் போனால் போனும் போகிறது

பழைய செப்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வந்தது, வீடு இருண்டாலும் போன் பேசும். இதில் ஃபைபர் பெட்டி, ரூட்டர், டப்பா மூன்றும் உயிரோடு இருக்கவேண்டும். 12 வோல்ட்டோடு 5 வோல்ட்டும் தரும் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கினால் மூன்றும் ஓடும். 5 வோல்ட் பக்கம் 2 ஆம்பியர் தருமா என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் வந்ததும் டப்பா ரூட்டருக்கு முன்னால் எழுந்துவிட்டு முழிக்கும். பதியாமல் நின்றால் ஐந்து நிமிஷம் கழித்து ஒருமுறை கழற்றிச் சொருகுங்கள்.

இனி தேறாது

நல்ல அடாப்டர், நேரடியாக மாட்டிய நல்ல போன், ரீசெட் எல்லாம் முடிந்தும் நாலு நட்சத்திரத்துக்குக் குரலே வரவில்லை என்றால் இரண்டாவது போன் துளையில் மாட்டிப் பாருங்கள். அதில் வந்தால் லைன் 2 பக்கத்தில் கணக்கைப் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம். அதுவும் ஊமை என்றால் விடைகொடுக்க வேண்டியதுதான். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 மாதிரி ஒன்று வாங்கினால், எழுதி வைத்த அதே நாலு விவரம் அதிலும் போகும்.

இரண்டாவது துளை பேசும் நிலையிலேயே கைமாற்றுகிறீர்கள் என்றால், காயலான் கடைக்குப் போடுமுன் நாலு நட்சத்திரம், 73738#, 1# என்று ஒருமுறை அழுத்திவிடுங்கள். உள்ளே உங்கள் பிள்ளையின் கணக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது, மூலக்கொத்தளத்தில் யாரோ வாங்கி மாட்டினால் அமெரிக்காவில் பில் ஏறும்.